வான் கிட்டப் போக ஏலாத இடங்களுக்கு எஞ்சின் போர்ட்டபிள் கார்பெற் மெசின் சரிவருமா?

மார்க்கம்_தம்பி எழுதியது:

வணக்கம் அண்ணைமார், அக்காமார். நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில இருந்து கார்பெற் கிளீனிங் செய்யிறன். வானுக்குள்ளயே பூட்டின கார்பெற் மெசின், ட்ரக்மவுண்ட், இருக்கு. 150 அடி ஹோஸ் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனா இப்ப வாற வேலையில அரைவாசி, வான் கிட்டப் போக ஏலாத இடங்கள். ரவுன்ஹவுஸ் (வரிசை வீடு) எண்டா பார்க்கிங் ஒரு பக்கம், வீடு உள்முற்றத்துக்கு அங்கால. ஸ்கார்பரோவில 14ஆம், 18ஆம் மாடிக் கொண்டோக்கள். பிறகு பழைய வீட்டு பேஸ்மென்ற்றுகள். எலெக்ட்ரிக் போர்ட்டபிள் ஒண்டை இரவல் வாங்கிச் செய்து பார்த்தன். கார்பெற் காயக் கன நேரம் எடுக்குது, பிறேக்கரும் விழுது.

ஒருத்தர் பாவிச்ச மெசின் ஒண்டு விக்கிறார். ரெண்டு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின், அழுக்குத் தண்ணியை உறிஞ்சுற புளோவர், தண்ணி சூடாக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர், எல்லாம் சில்லு வைச்ச ஒரே சட்டத்தில. ரெண்டு பேர் சேர்ந்தாத் தள்ளலாம். இதால மூண்டு பிரச்சினையும் தீருமா? பார்க்கப் போகேக்க என்னத்தைக் கவனிக்கவேணும்?

ஈரமில்லாக்_கார்பெற் எழுதியது:

தம்பி, நீர் சொன்னது மூண்டும் மூண்டு விதமான வேலை. உள்முற்றத்து ரவுன்ஹவுசுக்கு உந்த மெசின் திறம். பேஸ்மென்ற்றுக்கு இடத்தைப் பொறுத்தது. கொண்டோவுக்குக் கொண்டே போகவேண்டாம்.

எஞ்சின் எங்க நிக்கும் எண்டதை முதல்ல யோசியும். 20 குதிரைவலு எஞ்சின் விடுற காபன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நிலக்கீழ் பார்க்கிங், கராஜ், பல்கனி, கதவு திறந்த லொபி, ஒண்டும் வெளியிடம் ஆகாது. 2008இல ஒன்ராறியோ வூட்ஸ்டொக்கில, அடைபட்ட நெருப்படுப்புக் குழாயால ஒரு குடும்பமே போனது. அதுக்குப் பிறகுதான் இந்த மாகாணம் முழுக்கப் பழைய வீடுகளுக்கும் காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம் எண்ட சட்டம் வந்தது. முற்றத்தில நிப்பாட்டினாலும் யன்னலுக்கும் காத்து இழுக்கிற குழாய் வாசலுக்கும் தள்ளி நிப்பாட்டி, புகையை மற்றப் பக்கம் திருப்பி விடும். வாடிக்கையாளர் "மழை பெய்யுது, கராஜுக்குள்ள வையுங்கோ" எண்டு அன்பாச் சொல்லுவினம். கேக்கக் கூடாது.

மாடி எண்டவுடன எல்லாரும் தண்ணி மேல ஏறாது எண்டுதான் பயப்பிடுவினம். கணக்குப் பார்த்தா அது பெரிய விசயமே இல்லை. 100 அடி உயரத்துக்கு அழுத்தம் 43 பிஎஸ்ஐ அளவுதான் குறையும், பம்ப் 300க்கு மேல தரும். அழுக்குத் தண்ணி கீழ இறங்கத்தானே போகுது, அதுக்கும் பாரம் இல்லை. ஆளை விழுத்துறது, கீழ நிக்கிற எஞ்சினில இருந்து மாடி வரைக்கும் போற ஹோஸின்ர நீளம். உறிஞ்சுற பலம் அதிலதான் போகும். ஒரே அளவு காத்துப் போகேக்க, ஒண்டரை அங்குல ஹோஸில வாற இழப்பு ரெண்டு அங்குல ஹோஸைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதால வாண்ட் (கார்பெற்றில இழுக்கிற கைக்குழாய்) பக்கத்துக் கடைசித் துண்டை மட்டும் ஒண்டரை அங்குலமா வைச்சிரும், மிச்சம் முழுக்க ரெண்டு அங்குலம்.

பேஸ்மென்ற்றில கதை தலைகீழ், அழுக்குத் தண்ணியை மேல இழுக்கவேணும். உறிஞ்சல் அளக்கிற வேக்கியூம் கேஜ் 14 (பாதரச அங்குலம்) காட்டினாலும், குழாய் நிறைஞ்ச வெறும் தண்ணியா அது 16 அடிக்கு மேல ஏறாது. காத்தோட கலந்து வந்தாத்தான் சீரா ஏறும். வாண்டை மெதுவா இழுத்து, ஸ்ப்ரே இல்லாம இன்னும் ரெண்டு இழுப்புக் குடும். 2013 ஜூலை 8 ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில 126 மில்லிமீட்டர் மழை கொட்டின மாதிரி ஒரு நாள் வந்து, பேஸ்மென்ற்றில வெள்ளமும் கரண்ட் இல்லாமலும் கிடந்தா, வெளியில எஞ்சினை வைச்சு இழுக்கிறதுக்கு உதுக்கு ஈடு இல்லை.

பார்க்கப் போகேக்க உம்மட ஹோஸ் முழுக்கக் கொண்டுபோம். விக்கிறவர் பத்தடி ஹோஸ் கொழுவிக் காட்டினா எந்த மெசினும் நல்ல மெசின்தான். நீர் 150 அடியையும் விரிச்சுப்போட்டு, வாண்ட் கொழுவிற முனையில ஒரு கேஜ் பிடியும். மெசினில உள்ள கேஜ் மெசினைப் பற்றித்தான் சொல்லும். சூட்டையும் அப்பிடித்தான் பாரும்: பத்து நிமிசம் விடாம ஸ்ப்ரே பண்ணி, ஜெட்டில வாற தண்ணியை வாளியில பிடிச்சு வெப்பமானி வையும். முதல் நிமிசத்துச் சூட்டை நம்பாதையும்.

பிறகு எஞ்சினை நிப்பாட்டி, புளோவருக்குக் காத்துப் போற குழாயைக் கழட்டி ரோர்ச் அடிச்சுப் பாரும். உள்ள லோப் எண்ட சுழலுற துண்டு ரெண்டு தெரியும். நல்லா வைச்சிருந்த மெசினில எண்ணெய் மினுமினுப்பு இருக்கும். செம்மண் நிறத்தில பொருக்குத் தெரிஞ்சா, டாங்க் நிறைஞ்சு அழுக்குத் தண்ணி அதுக்குள்ள போயிருக்கு எண்டு அர்த்தம். கையால சுத்திப் பார்க்க உரசுற சத்தம் கேட்டா அந்த இடத்திலேயே நன்றி சொல்லிப்போட்டு வாரும். புளோவர் எண்ணெய்க் கண்ணாடி பால் மாதிரி வெளுத்திருந்தாலும் அதேதான்.

மிசிசாகா_அக்கா எழுதியது:

அண்ணை சொன்ன பிறகு கொண்டோவுக்கு எலெக்ட்ரிக்தான் மிச்சம். அதில பிறேக்கர் விழாமச் செய்யலாம். ரெண்டு கரண்ட் வயர் உள்ள மெசினுக்கு ரெண்டு தனிச் சேர்க்கிற் (மின்சுற்று) வேணும். பழைய கொண்டோ குசினியில கவுண்டருக்கு மேல உள்ள பிளக் பொயின்ற்றைப் பாருங்கோ. கனடாவில கன காலமா அதில மேல் பொயின்ற் ஒரு சேர்க்கிற், கீழ் பொயின்ற் இன்னொண்டு எண்டுதான் வயர் இழுத்தவை. பனலில ரெண்டு 15 அம்பியர் பிறேக்கரின்ர கைபிடியும் சேர்ந்திருக்கும். ரெண்டு வயரையும் அந்த ஒரே இடத்தில குத்தலாம். புதுக் கட்டடத்தில துவாரம் ஒண்டு ஆங்கில ரி (T) எழுத்து மாதிரி இருந்தா அது 20 அம்பியர், ஒரே சேர்க்கிற். மற்ற வயரை வேற சேர்க்கிற்றில குத்துங்கோ. எக்ஸ்டென்சன் வயர் 12 கேஜ் தடிப்புக்கு மெல்லிசா வேண்டாம். ரெண்டு விசிறி கொண்டுபோய் வேலை தொடங்கேக்கயே போட்டுவிட்டா காயிற பிரச்சினையும் குறையும்.

மார்க்கம்_தம்பி எழுதியது:

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. அக்கா, குசினிப் பொயின்ற் விசயம் எனக்குப் புதுசு. அண்ணை, ரெண்டு கேள்வி. பெற்றோலை வெறுமையாக்கிப்போட்டு எலிவேற்றரில ஏத்தி, மொட்டை மாடியில வைச்சு ஓட்டலாமா? குளிர்காலத்தில எப்பிடி?

ஈரமில்லாக்_கார்பெற் எழுதியது:

வேண்டாம் தம்பி. வெறும் டாங்கிலயும் ஆவி இருக்கும், பூட்டின எலிவேற்றருக்குள்ள அது ஆபத்து. நான் பார்த்த எந்த மனேஜ்மென்ற்றும் விடேல்லை, விடாதது சரியும்கூட. மொட்டை மாடியில கட்டடத்துக்குக் காத்து இழுக்கிற யூனிற்றுகள் நிக்கும், புகை நேர சனத்தின்ர வீட்டுக்குள்ள போகும்.

குளிர்காலம்தான் உந்தத் திறந்த சட்ட மெசினுக்குப் பெரிய குறை. உம்மட ட்ரக்மவுண்ட் வானுக்குள்ள மறைவா நிக்குது, இது முற்றத்தில மைனஸ் பத்தில நிக்கும். வேலை முடிஞ்சு அரை மணித்தியாலம் கதைச்சுக்கொண்டு நிண்டா பம்புக்குள்ள தண்ணி உறைஞ்சு வெடிக்கும். உறையாத் திரவத்தை பம்ப் வழியா ஓட்டிப்போட்டுத்தான் நகரவேணும். ஹோஸ் பனியில கிடந்தா சூடும் அரைவழியில போயிரும். மார்ச் வரைக்கும் இதை நம்பி வேலை ஒப்புக்கொள்ளாதையும், விலை பேசேக்கயும் அதைக் கணக்கில எடும்.

அழுக்குத் தண்ணியை முற்றத்து வடிகாலுக்குள்ள விடவும் கூடாது. தெரு வடிகால் சுத்திகரிப்புக்குப் போறேல்லை, ஓடை வழியா ஒன்ராறியோ ஏரிக்குத்தான் போகுது. வீட்டுக்காரரைக் கேட்டு ரொய்லற்றுக்குள்ள ஊத்தும்.

போகேக்க இன்னொண்டு: விக்கிறவருக்கு முதலே சொல்லும், நான் வரும்வரைக்கும் ஸ்ரார்ட் பண்ணவேண்டாம் எண்டு. போனவுடன எஞ்சின் பிளொக்கில கையை வைச்சுப் பாரும். வெதுவெதுப்பா இருந்தா, குளிர்ல ஸ்ரார்ட் வராத எஞ்சினோ எண்டு கேளும், பதில் திருப்தி இல்லாட்டி இன்னொரு நாள் வாறன் எண்டு சொல்லும்.