வெள்ளவத்தை வீட்டுக் குழு: அப்பாவின் போன்

வியாழன், இரவு 8.40

நிமலன்: எல்லாரும் ஒருக்கால் பாருங்கள். அப்பா காலமான பிறகு வீட்டில் இருக்கிற அவரின் போன் நேற்று அம்மாவின் கையிலிருந்து விழுந்து திரையின் கீழ்ப் பாதி கறுத்துவிட்டது. மேல் பாதி மட்டும்தான் தெரிகிறது. அதில் இருக்கிற மெசேஜ் முழுவதையும் இன்றிரவே எடுத்துவைக்கப் போகிறேன்.

சுகந்தி அக்கா: ஐயோ

சுகந்தி அக்கா: அம்மாவுக்கு ஒன்றுமில்லைத்தானே

பாபு சித்தப்பா: கல்வெட்டுக்கு, அதுதான் அண்ணாவின் நினைவுப் புத்தகத்துக்கு, படம் கேட்டு அச்சகத்தில் இருந்து மூன்று தரம் போன் எடுத்துவிட்டார்கள். சால்வை போட்ட படமா, கண்ணாடியோடு இருக்கிறதா?

சின்ன மாமா: சிம்மைக் கழற்றி வேறு போனில் போடு தம்பி. எல்லாம் வரும்.

நிமலன்: வராது மாமா. அந்தக் காலத்து பட்டன் போனில் கொஞ்ச மெசேஜை சிம்மிலேயே வைக்கலாம், இப்போது எஸ்எம்எஸ் எல்லாம் போனுக்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் சிம்மைத் தொலைக்கவும் கூடாது. வட்ஸ்அப்பை வேறு போனில் திறந்தால் அந்த நம்பருக்குத்தான் கோட் வரும். 120 நாள் பாவிக்காமல் விட்டால் வட்ஸ்அப் கணக்கையே அழித்துவிடுவார்கள். அதனால் வட்ஸ்அப்பை இடைக்கிடை திறக்க வேண்டும், நம்பர் வெட்டுப்படாமல் இருக்க யாராவது மாதாமாதம் அப்பாவின் நம்பருக்கு ரீலோட் போடவும் வேண்டும்.

சுகந்தி அக்கா: நான் போடுகிறேன்

பாபு சித்தப்பா: சால்வை?

சுகந்தி அக்கா: வட்ஸ்அப் இரவு 2 மணிக்குத் தானே பக்அப் ஆகும் என்று அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறாரே. பிறகு என்ன பயம்

நிமலன்: அக்கா, அது வட்ஸ்அப்புக்கு மட்டும். நமக்கு எழுதினது அதில் இருக்கும். அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அவவுக்கு அப்பா அனுப்பினது எல்லாம் எஸ்எம்எஸ். அந்த பட்டன் போனில் இடம் நிறைந்துவிட்டது என்று காட்டும் போதெல்லாம் நான்தான் அழித்துக் கொடுத்தேன். யோசிக்காமல் செய்துவிட்டேன். இப்போது அந்த மெசேஜ் இருக்கிற ஒரே இடம் அப்பாவின் போன்.

சுகந்தி அக்கா: 😢

ரதி மாமி: கடையில் கொடுத்துப் பார்த்தாயா தம்பி

நிமலன்: கொடுத்தேன் மாமி. ரீசெற் செய்தால் சரிவரும் என்று சொல்லி அழுத்தவே போய்விட்டார்கள். பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். ரீசெற் செய்தால் உள்ளே இருக்கிறது முழுவதும் போய்விடும். ஒருவரும் அதை மட்டும் செய்யக்கூடாது.

கவின்: மாமா ஓடிஜி வயர் வாங்கி போனில் மவுஸ் குத்துங்கள். தொடாமலே வேலை செய்யும்

நிமலன்: அட, அது எனக்குத் தோன்றவே இல்லை. காலி வீதிக் கடைகளில் இறங்கிப் பார்க்கிறேன்.

சின்ன மாமா: 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு யாழ்ப்பாணம் கீரிமலையில் என்றுதானே முடிவு? ஐயருக்குச் சொல்லவேண்டும்.

பாபு சித்தப்பா: யார் முடிவு செய்தது? அண்ணா 40 வருடம் கொழும்பில் இருந்தவர். இங்கேயே முகத்துவாரத்தில் செய்யலாம் என்றுதான் நான் சொன்னேன்.

ரதி மாமி: இப்போது வேண்டாம்

இரவு 9.55

நிமலன்: மவுஸ் வேலை செய்கிறது! கவின், நீ கெட்டிக்காரன். செற்றிங்ஸில் கூகுள், பக்அப் என்று போய்ப் பார்த்தேன். எஸ்எம்எஸ் பக்அப் ஆகித்தான் இருக்கிறது. ஆனால் அதைத் திறந்து வாசிக்க முடியாது, புதுப் போன் ஒன்றைத் தொடங்கும்போதுதான் இறக்கலாம். இன்னொன்று, போனை 57 நாள் பாவிக்காமல் விட்டால் கூகுள் அந்த பக்அப்பை அழித்துவிடும். அப்பா போய் 24 நாள். ஆசுப்பத்திரியில் இருந்த நாட்களிலும் போன் நிறுத்தித்தான் இருந்தது. அதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அதனால் எஸ்எம்எஸ் பக்அப் அண்ட் ரீஸ்டோர் என்ற செயலியைப் போட்டு, எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்எம்எல் பைலாக எடுக்கிறேன். அது சாதாரண எழுத்துப் பைல்தான், கணினியில் திறந்து வாசிக்கலாம். அதை கூகுள் டிரைவில் ஒன்று, என் லப்டொப்பில் ஒன்று, அக்காவின் மெயிலுக்கு ஒன்று. ஒரே இடத்தில் வைத்தால் அது பக்அப்பே இல்லை. வட்ஸ்அப்பில் அப்பா நம் ஒவ்வொருவரோடும் கதைத்ததைத் தனித்தனியாக எக்ஸ்போர்ட் செய்கிறேன், படங்களோடு எடுத்தால் கடைசி 10,000 மெசேஜ்தான் வரும், படம் இல்லாமல் 40,000 வரும், அதனால் இரண்டு விதமாகவும்...

கவின்: 👍

பாபு சித்தப்பா: நீளமாக இருக்கிறது. பிறகு வாசிக்கிறேன்.

சின்ன மாமா: எல்லா மெசேஜுமா எடுக்கிறாய்?

நிமலன்: ஓம்

சின்ன மாமா: 2017இல் எனக்கும் அத்தானுக்கும் கொக்குவில் காணியைப் பற்றி நடந்ததும் அதில் இருக்கும். அதை ஏன் குழுவில் போடவேண்டும்.

பாபு சித்தப்பா: இருந்தால் நல்லதுதானே. அண்ணா என்ன சொன்னார் என்று தெரியவரும்.

இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ரதி மாமி: பாபு, 31ஆம் நாள் முடியட்டும்

நிமலன்: ஒன்றையும் குழுவில் போடமாட்டேன் மாமா. பைலை எடுக்கிறேன், வாசிக்கவில்லை. அம்மாவுக்கு எழுதினதை மட்டும் பிரித்து அச்சடித்து அம்மாவின் கையில் கொடுப்பேன். மற்றதை யார் பார்க்கலாம் என்று எல்லாரும் இருந்து கதைப்போம்.

சுகந்தி அக்கா: எனக்கு எழுதினது?

நிமலன்: உனக்கு எழுதினது உனக்கு.

சுகந்தி அக்கா: செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போனது. அதுவாவது வேண்டும்

ரதி மாமி: அழாதே பிள்ளை

இரவு 11.20

நிமலன்: எடுத்துவிட்டேன். 4,312 எஸ்எம்எஸ். லப்டொப்பில் திறந்து, வருகிறதா என்று பார்த்தேன், வருகிறது. அம்மா பக்கத்தில் இருந்ததால் ஒன்றை மட்டும் வாசித்துக் காட்டினேன். "100 பஸ். பம்பலப்பிட்டி தாண்டிவிட்டேன். தேத்தண்ணி வை." 100ஆம் நம்பர் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எழுதினது. அதே மாதிரி எத்தனை இருக்கிறது தெரியுமா. வேலைக்குப் போன நாளெல்லாம். தமிழை இங்கிலீசு எழுத்தில்தான் அடித்திருக்கிறார். தமிழ் எழுத்தில் அடித்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 எழுத்துத்தான் போகும், இங்கிலீசு எழுத்தில் 160 போகும் என்று எனக்கு ஒருநாள் கணக்குச் சொன்னவர். ஆனால் அந்த 70 எழுத்தைக்கூடத் தாண்டி அம்மாவுக்கு அவர் எழுதவே இல்லை.

சுகந்தி அக்கா: கல்வெட்டில் அதைப் போடுவோம்

பாபு சித்தப்பா: பஸ் மெசேஜையா? தேவாரம் வரவேண்டிய இடத்தில்?

சுகந்தி அக்கா: பின் அட்டையில் சித்தப்பா

பாபு சித்தப்பா: அம்மாவைக் கேள்.

நிமலன்: கேட்டேன். அது தனக்கு எழுதினது என்கிறார். பிறகு, சரி போடு என்றார். பிறகு, நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

கவின்: அப்பம்மாவின் போனையும் பக்அப் எடுங்கள்

நிமலன்: அப்பம்மா இல்லையடா, உனக்கு அம்மம்மா. எடுக்கிறேன்.

பாபு சித்தப்பா: அப்போ சால்வைப் படத்தை அனுப்புகிறேன். நாளை 10 மணிக்குள் ஒருவரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுதான்.

ரதி மாமி: கண்ணாடி போட்டதுதான் அவர் முகம்

சின்ன மாமா: ஐயர் திரும்பவும் எடுத்தார். கீரிமலையா முகத்துவாரமா?