கிளிமீன் தலையில் தொண்டைத் தாடையைக் காணோம்: மார்க்கெட் மீனை வைத்து எப்படிக் காட்டுவது?

படிவம்6_உயிரியல்
வணக்கம். பவளப்பாறை மீன்களின் தாடை அமைப்பும் அவை இரை எடுக்கும் விதமும் பற்றி ஆறாம் படிவ மாணவர்கள் 20 பேருக்குச் செய்முறை வகுப்பு எடுக்க வேண்டும். இடம் பினாங்கு. மார்க்கெட்டில் வாங்கிய இரண்டு கிளிமீன் தலைகளை நன்றாக வேகவைத்து, ஓரிரவு ப்ளீச்சில் போட்டோம். அலகு கிடைத்தது, ஆனால் அரைக்கும் தொண்டைத் தாடை இல்லை. எலும்பெல்லாம் சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. எங்கே தவறு? ஒப்பிட்டுக் காட்ட வேறு எந்த மீன் வாங்கலாம்?

முள்ளும்_செவுளும்
ஆசிரியருக்கு வணக்கம். தொண்டைத் தாடை போனது உங்கள் சட்டியில் அல்ல, மீன் கடையில். கீழ்த் தொண்டைத் தாடை என்பது கடைசிச் செவுள் வளைவின் எலும்புதான். கிளிமீனில் இரு பக்கத்து எலும்பும் சேர்ந்து ஒரே தட்டாகிவிட்டன. கடைக்காரர் செவுளைப் பிடித்து இழுக்கும்போது அதுவும் கூடவே குப்பைக்குப் போய்விடும். ஈக்கான் பாயான் (கிளிமீனின் மலாய்ப் பெயர்) வாங்கும்போது "செவுளையும் வயிற்றையும் தொடாதீங்க, முழுசா குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் செவுள் மூடியை ஒரு பக்கம் கத்தரித்து எடுத்துவிட்டு, தொண்டைக்குள் விரலை விடுங்கள். உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் சொரசொரவென்று அரம் மாதிரி தட்டுப்படும். அதுதான். அதற்கு நேர் மேலே, மண்டை ஓட்டின் அடியில், மேல் தொண்டைத் தாடை இரண்டு துண்டாக இருக்கும். கீழ்த் தட்டைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு ஓரத்தில் பற்கள் மொட்டையாகத் தேய்ந்திருக்கும், எதிர் ஓரத்தில் புதுப் பற்கள் கூராக நிற்கும். தேயத் தேயப் புது வரிசை நகர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. மாணவர்கள் அதை விரலால் தடவிப் பார்க்கட்டும், படத்தில் இது புரியாது.

சுத்தம் செய்ய ப்ளீச் கூடவே கூடாது. எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தையே அது கரைக்கிறது, அதனால்தான் உங்களுடையது உதிர்கிறது. கொதிக்கவும் விடாதீர்கள், மூட்டு நார்கள் கரைந்து துண்டு துண்டாகிவிடும். 80 டிகிரி சுடுநீரில் சுமார் 10 நிமிடம் வைத்து, பழைய பல் துலக்கியால் சதையைத் தேய்த்து எடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஒரு நாள் ஊறினால் கொழுப்பு போகும். வெளுக்க, ஃபார்மசியில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். நிழலில் காயவையுங்கள்.

நெம்புகோல்_கணக்கு
ஒப்பிட மூன்று மீன் போதும்: கலவா, கிளாத்தி, காரல். மலாயில் கெராப்பு, ஜெபோங், கெக்கெக்.

காரல் பவளப்பாறை மீன் இல்லைதான். ஆனால் விலை குறைவு, ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம். கீழ்த்தாடையை நகத்தால் மெல்லக் கீழே இழுத்தால் மேலுதடு குழாயாக வெளியே நீளும். முன் தாடை எலும்பின் மேல்நோக்கிய தண்டு மூக்கின் மேல் வழுக்கிக்கொண்டு வருவதை மாணவர்கள் கண்ணால் பார்க்கலாம். உறிஞ்சும் விசை வாயின் அகலம் அளவு தூரத்துக்குள்தான் வலுவாக வேலை செய்யும். அதனால்தான் வாயை இரையின் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இதில் உச்சம் எபிபுலஸ் இன்சிடியேட்டர் என்ற பாறை மீன்: தலை நீளத்தில் 65 விழுக்காடு வரை வாயை நீட்டும். கிளாத்தியை இழுத்துப் பாருங்கள், ஒன்றும் நீளாது. மேல்தாடை எலும்புகள் இறுகிப் பிணைந்து கிடக்கின்றன. நண்டையும் கடல் முள்ளெலியையும் உடைக்கிற வாய் அது.

பிறகு அளவு. கீழ்த்தாடை மூட்டிலிருந்து முன்பல் நுனி வரை ஒரு நீளம். அதே மூட்டிலிருந்து கன்னத் தசை பற்றும் மேடு வரை இன்னொன்று. இரண்டாவதை முதலாவதால் வகுக்கணும். இரண்டாவது 15 மி.மீ., முதலாவது 60 மி.மீ. என்றால் 0.25. தசை செங்குத்தாக 10 நியூட்டன் இழுத்தால் பல் நுனியில் கிடைப்பது 2.5 நியூட்டன்தான், ஆனால் நுனி 4 மடங்கு வேகமாக நகரும். ஓடும் மீனைக் கவ்வும் கலவாவுக்கு வேகம் வேண்டும், ஓட்டை உடைக்கும் கிளாத்திக்கு விசை வேண்டும். ஒரே நெம்புகோலில் இரண்டையும் கூட்ட முடியாது.

பிள்ளைகள் தவறுவது இரண்டு இடத்தில். எலும்பின் வளைவோடு நூல் வைத்து அளப்பார்கள், நேர்கோட்டில்தான் அளக்கணும். கன்னத் தசையின் மேல் கற்றை மேல்தாடையில் போய்ப் பற்றும், அதையும் சேர்த்துக்கொள்வார்கள். சதை இருக்கும்போதே பற்றும் இடத்தில் குண்டூசி குத்தி வைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

பாயார்_முக்குளிப்பு
ஒரு திருத்தம் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்: கிளிமீன் பவளத்தைத் தின்று வாழ்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். பெரும்பாலான இனங்களுக்கு இரை, செத்த பவளப் பாறையின் மேலும் உள்ளும் வாழும் பாசியும் நுண்ணுயிர்களும். அலகின் வேலை சுரண்டுவது, பொடியாக்குவது தொண்டை. ஸ்கேரஸ் என்ற கிளிமீன் பேரினத்து இனங்களின் கீழ்த்தாடைக்கு நடுவிலேயே கூடுதலாக ஒரு மூட்டு உண்டு, சதை போவதற்கு முன் ஆட்டிப் பாருங்கள். அவை மேலோட்டமாகத்தான் சுரண்டும். சபாவின் சிப்பாடான் தீவில் கூட்டமாகத் திரியும் பெரிய மொட்டைத்தலைக் கிளிமீன் பாறையையே குடைந்தெடுக்கும், ஒரு மீன் ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல்.

லங்காவிக்குத் தெற்கே உள்ள புலாவ் பாயார் தீவில் ஸ்நோர்க்கெல் போட்டால் கடிக்கும் சத்தமே காதில் விழும். பாறையில் இணையான கீறல்கள் தெரியும். அங்கே பார்க்க மட்டும்தான், அது கடல் பூங்கா, மீன் பிடிக்கத் தடை.

படிவம்6_உயிரியல்
மிக்க நன்றி. உறைந்த தலை ஆகுமா? சனிக்கிழமை வாங்கினால் வகுப்பு புதன்கிழமைதான்.

முள்ளும்_செவுளும்
எலும்புக்கு ஆகும். தசை கொழகொழத்துவிடும், குண்டூசி நிற்காது. கலவாவும் கிளாத்தியும் காரலும் புதன் காலையில் புதிதாக வாங்குங்கள், கிளிமீனை மட்டும் உறையவையுங்கள். உறைய வைக்கும் முன் வாயைத் திறந்து ஒரு ஐஸ்கிரீம் குச்சியைக் குறுக்கே வைத்துவிடுங்கள். மூடியபடி உறைந்துவிட்டால், ஐஸ் போகும் முன்பே அவசரப்பட்டுத் திறந்து மூட்டை ஒடித்துவிடுவார்கள்.