நீச்சல்குளம், ஸ்பாவுக்கு கேஸ் ஹீட்டர் வைத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

போன வருஷக் கடைசியில் எங்கள் பழைய ஹீட்டர் படுத்துவிட்டது. பூல் 15,000 காலன், அதை ஒட்டினாற்போல் 600 காலன் ஸ்பா. பழையது 2.5 லட்சம் பிடியு (BTU, சூட்டை அளக்கும் அலகு; ஹீட்டரில் மணிக்கு இத்தனை என்று கணக்கு). சீக்கிரம் சுடட்டும் என்று இந்த முறை 4 லட்சம் பிடியு வாங்கினோம்.

அந்தக் கணக்கில் தப்பில்லை. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏற்ற ஒரு பிடியு வேண்டும். 600 காலன் தண்ணீர் கிட்டத்தட்ட 5,000 பவுண்டு. 60 டிகிரியிலிருந்து 102-க்கு ஏற்ற 2.1 லட்சம் பிடியு. எரிகிற கேஸில் 82 சதவீதம் தண்ணீரில் சேர்கிறது என்று வைத்தால் மணிக்கு 3.3 லட்சம் கிடைக்கும். ஆக நாற்பது நிமிடத்தில் ஸ்பா தயார். பழைய ஹீட்டரில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பகலில் அப்படித்தான் ஓடியது. ராத்திரி குளிர் ஏறி வீட்டு ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கேஸ் கருவி) ஓட ஆரம்பித்ததும் ஹீட்டர் அணையும், பற்றும், மறுபடி அணையும். மேல் கிரில்லில் கரி படிய ஆரம்பித்தது. மாட்டியவர் வந்து இக்னைட்டர் (நெருப்புப் பற்றவைக்கும் பாகம்) போய்விட்டது என்று மாற்றினார். அப்புறமும் அதே கதை. பிறகு வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் ஹீட்டரின் பலகைகளைத் தொடவே இல்லை. கேஸ் வால்வில் இருக்கும் குட்டித் திருகைக் கழற்றி, மெனோமீட்டரின் ரப்பர் குழாயைச் சொருகினார். ஹீட்டர் எரியாதபோது 7 அங்குலம் காட்டியது (கேஸ் அழுத்தம், அதை இத்தனை அங்குலத் தண்ணீர் என்று அளப்பார்கள்). பற்றவைத்ததும் 5. "உள்ளே போய் அடுப்பில் எல்லா பர்னரையும் திறந்துவிட்டு, ஃபர்னஸையும் ஏற்றுங்கள்" என்றார். செய்துவிட்டு வெளியே வந்தால் முள் 3-இல் நிற்கிறது, ஹீட்டர் புஸ்ஸென்று அணைந்து கிடக்கிறது. குறைந்தது 4 அங்குலம் வேண்டும் என்று ஹீட்டர் கையேட்டிலேயே போட்டிருக்கிறது.

காரணம் இரண்டு. ஒன்று மீட்டர். வீடு கட்டியபோது வைத்தது மணிக்கு 250 கன அடி. ஒரு கன அடி இயற்கை எரிவாயு சுமார் 1,000 பிடியு, அதாவது மீட்டரே இரண்டரை லட்சத்துக்குத்தான் தாங்கும். ஹீட்டர் மட்டும் நாலு லட்சம் கேட்கிறது. அதற்கு மேல் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், அடுப்பு வேறு. இரண்டாவது குழாய். மீட்டரிலிருந்து 50 அடி தள்ளி ஹீட்டர் இருந்தால், சாதாரண வீட்டு அழுத்தத்தில் முக்கால் அங்குல இரும்புக் குழாய் சுமார் 1.5 லட்சம் பிடியுதான் கொண்டுபோகும். ஒரு அங்குலம் 2.8 லட்சம். ஒன்றேகால் அங்குலம் போட்டால் 5.8 லட்சம். எங்களுக்கு இருந்தது ஒரு அங்குலம். பழைய ஹீட்டர் தட்டுத் தடுமாறி அதில் பிழைத்திருக்கிறது.

கேஸ் கம்பெனி வந்து மீட்டரை மாற்றிவிட்டுப் போனது. குழாய்க்குப் புதிதாகப் பள்ளம் தோண்ட வேண்டியிருந்தது. மஞ்சள் பாலிஎதிலீன் குழாய், அதோடு கூடவே ஒரு கம்பி (பிற்பாடு தேடினால் கருவியில் தெரிவதற்கு). ஹீட்டர் விலையில் பாதி இதற்கே போயிற்று. ஹீட்டர் விற்கிறவர்கள் விலை சொல்லும்போதே மீட்டரில் எழுதியிருக்கும் எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அந்த ஒரு எண்ணிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தோண்டுவதற்கு முன் 811-க்குப் போன் செய்யுங்கள். இலவசம். கேஸ், கரண்ட், கேபிள் எங்கே போகிறது என்று தரையில் கலர் அடித்துக் குறித்துவிட்டுப் போவார்கள்.

எடிசன், நியூ ஜெர்சி

எங்களுக்கு கேஸ் பிரச்சினை இல்லை, தண்ணீர்ப் பிரச்சினை. பூலோடுதான் வீட்டை வாங்கினோம். முதல் கோடையிலேயே படிக்கட்டில் நீலப்பச்சைக் கறை. பாசி என்று நினைத்து தேய்த்துக்கொண்டே இருந்தோம், போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பொன்னிற முடி. எங்கள் பிள்ளைகளோடு தினமும் நீந்துவாள். அவள் முடி நுனி பச்சையானபோதுதான் அவளுடைய அம்மா "உங்கள் தண்ணீரில் தாமிரம் இருக்கிறது" என்றார். கறுப்பு முடியில் அது எங்கே தெரியப்போகிறது!

தாமிரம் வந்தது ஹீட்டருக்குள் இருந்துதான். சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் குழாய்க்கூடு முழுக்கத் தாமிரம். முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் குளோரின் மாத்திரைப் பெட்டியை ஹீட்டருக்கு முன்னால் மாட்டியிருந்தார்கள். அந்த மாத்திரை கரைந்த தண்ணீரின் பிஹெச் 3 அளவில் இருக்கும், ஏறக்குறைய வினிகர். அது நேரே ஹீட்டருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: பம்ப், ஃபில்டர், ஹீட்டர், கடைசியில் குளோரின் பெட்டி. ஹீட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே, தண்ணீர் பின்னால் திரும்பாதபடி ஒரு செக் வால்வு. பம்ப் நின்ற பிறகு பெட்டியில் தேங்கிய அமிலத் தண்ணீர் பின்வாங்கி ஹீட்டரில் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் அந்த வால்வு இல்லாமல் எதுவும் ஆகாது.

கூடு ஓட்டையாகி, புதிய ஹீட்டரே வாங்க வேண்டியதாயிற்று. இந்த முறை தாமிரம்-நிக்கல் கலவைக் கூடு உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். விலை கூடுதல்தான். இப்போது பிஹெச் 7.4-லிருந்து 7.6-க்குள், ஆல்கலினிட்டி (பிஹெச் சட்டென்று மாறாமல் தாங்கும் காரத்தன்மை) 80-லிருந்து 120-க்குள் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை சோதனைச் சொட்டு.

சாண்ட்லர், அரிசோனா

அண்ணா, ஒரு சந்தேகம். எங்கள் ஹீட்டரில் தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்று எரர் வந்துகொண்டே இருக்கிறது. பார்க்க வந்தவர் போர்டு (ஹீட்டரை இயக்கும் சர்க்யூட் பலகை) மாற்றணும், 500 டாலர் என்கிறார். பம்ப் புதிது, வேகத்தை மாற்றும் ரகம். கரண்ட் மிச்சமாகட்டும் என்று 1,500 ஆர்பிஎம்மில் ஓடுகிறது.

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

தம்பி, போர்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். 1,500-இல் ஹீட்டருக்குப் போதிய தண்ணீர் போகாது. 4 லட்சம் பிடியு ரகத்துக்கு நிமிடத்துக்கு 40 காலன் அளவிலாவது ஓட வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் அழுத்த சுவிட்ச் பர்னரைப் பற்றவே விடாது. அது உங்கள் நன்மைக்குத்தான். தண்ணீர் ஓடாமல் நெருப்பு எரிந்தால் கூடு வெந்துவிடும். முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். பிறகு ஹீட்டர் எரியும் நேரத்துக்கு மட்டும் ஆர்பிஎம்மை நூறு நூறாக ஏற்றிக்கொண்டே போங்கள். எங்கே எரர் போகிறதோ அதற்கு இன்னும் இருநூறு கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டி, டெக்சஸ்

2021 பிப்ரவரியை மறக்க முடியுமா? ஹியூஸ்டனில் அப்படி ஒரு குளிரை நாங்கள் பார்த்ததே இல்லை. இங்கே பூல் கருவிகள் எல்லாம் வெளியே திறந்த வெளியில்தான் இருக்கும். சாதாரணமாக உறைபனி வந்தால் பம்ப் தானாக ஓடி, தண்ணீரை நகர்த்திக்கொண்டே இருக்கும். ஓடுகிற தண்ணீர் உறையாது என்ற தைரியம்தான். ஆனால் அந்த வாரம் கரண்டே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பஞ்சாபி அங்கிள், மின்னசோட்டாவில் பல வருஷம் இருந்தவர். கரண்ட் போன அரை மணியில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். "பிரேக்கரை அணையுங்கள், கேஸை மூடுங்கள், எல்லாக் கருவியிலும் தண்ணீரை வடிக்கும் அடிப்பிளக்கைக் கழற்றுங்கள்." என் கணவர் டார்ச் பிடிக்க நான்தான் கழற்றினேன், என் விரல்தான் உள்ளே போகிற அளவு சின்னது. பம்பில் இரண்டு பிளக், ஃபில்டர் அடியில் ஒன்று, ஹீட்டரின் தண்ணீர்ப் பெட்டியில் இரண்டு. கழற்றியதும் தண்ணீர் வராமல் நின்றது. மேலே காற்று போக வழி இல்லை. ஃபில்டர் தலையில் இருக்கும் காற்று வால்வைத் திறந்ததும் கொடகொடவென்று கொட்டியது. அங்கிள் இன்னொன்றும் சொன்னார்: அழுத்த சுவிட்சுக்குப் போகிற பென்சில் தடிமன் தாமிரக் குழாயிலும் தண்ணீர் நிற்கும், அதையும் தளர்த்திவிடு என்று. கழற்றிய பிளக்குகளை எல்லாம் பம்ப் கூடைக்குள் போட்டு வைத்தோம், அங்கே வைத்தால் தொலையாது.

கதவைத் திறக்காத இரண்டு வீடுகளில் ஹீட்டரின் தண்ணீர்ப் பெட்டி பிளந்துவிட்டது. குளிர் போய் பம்பைப் போட்டபோதுதான் தெரிந்தது, நான்கு பக்கமும் பீச்சியது. பிறகு டெக்சஸ் முழுக்க எல்லாரும் ஒரே சாமானைத் தேடியதில் கோடை முடியும்வரை அவர்களுக்குப் பாகம் கிடைக்கவில்லை.

கேரி, வட கரோலினா

கேட்டி அக்கா சொன்னதைப் படித்தேன். தண்ணீர், கேஸ் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள், புகை பற்றி யாரும் எழுதவில்லையே.

எங்கள் மாநிலத்தில் பூன் என்ற மலை ஊர். 2013-இல் அங்கே ஒரு விடுதியில் ஏப்ரல் மாதம் வயதான தம்பதி அறையில் இறந்து கிடந்தார்கள். என்ன காரணம் என்று முடிவு வருவதற்குள் ஜூனில் அதே அறையில் தங்கிய 11 வயதுப் பையனும் இறந்தான். அவனுடைய அம்மா பிழைத்தார். நேர் கீழே இருந்தது உள்ளரங்கு நீச்சல்குளத்தின் கேஸ் ஹீட்டர். அரித்துப்போன புகைக்குழாய் வழியாக கார்பன் மோனாக்சைடு மேலே ஏறியிருக்கிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அறையில் அதைக் கண்டுபிடிக்கும் அலாரமும் இல்லை.

வீட்டுப் பூலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் மச்சான் வீட்டில் பூல் வேலை நடந்தபோது, பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று ஹீட்டரைப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, செடி மறைவில் வைக்கப் பார்த்தார்கள். நகராட்சி இன்ஸ்பெக்டர் டேப்பை எடுத்து அளந்தார். திறக்கிற ஜன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் பக்கவாட்டில் 4 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். பெர்மிட் அட்டையில் சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போய்விட்டார். மச்சானுக்குக் கோபம். எனக்கு அந்த இன்ஸ்பெக்டரைக் கும்பிடத் தோன்றியது.

இன்னொரு வழக்கத்தையும் பார்க்கிறேன். முதலில் ஹீட்டர் திறந்த வெளியில் சரியாக இருக்கும். இரண்டு வருஷம் கழித்து பேஷியோவுக்குக் கூரை, பக்கத்தில் தடுப்புச் சுவர், எல்லாம் வரும். ஹீட்டர் அதே இடத்தில்தான் இருக்கும், அதைச் சுற்றி ஒரு அறையே வளர்ந்திருக்கும். கூரை போடுகிறவருக்கு ஹீட்டரைப் பற்றி என்ன தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். படுக்கையறைப் பக்கம் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள்.

மெடினா, ஒஹையோ

எங்கள் பக்கம் கேஸ் லைன் கிடையாது, புரொபேன் தொட்டிதான். ஒரு காலன் புரொபேன் சுமார் 91,500 பிடியு. 4 லட்சம் ஹீட்டர் மணிக்கு நாலரை காலன் குடிக்கும். அந்த வேகத்துக்குத் தொட்டிக்குள் திரவம் ஆவியாக வேண்டும். தொட்டி சின்னதாகவோ பாதிக்குமேல் காலியாகவோ இருந்து, வெளியே குளிராகவும் இருந்தால் ஆவியாகாது. நல்ல குளிரில் ஹீட்டர் அணைவதற்கு எங்கள் ஊரில் இதுதான் காரணம். புரொபேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். அதனால் குழிக்குள் ஹீட்டர் வைக்காதீர்கள்.

வசந்தத்தில் முதல் தடவை பற்றவைக்கும் முன் பக்கப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். எலிகளுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எங்கள் ஹீட்டரில் காய்ந்த புல், பஞ்சு, யாரோ பிள்ளையின் ஒற்றைச் சாக்ஸ் எல்லாம் இருந்தது. வயர்களைக் கடித்து வைத்திருந்தன.

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

செலவு பற்றித் தனியாக இரண்டு பேர் கேட்டார்கள். ஸ்பாவுக்கு ஒரு தடவை சூடேற்ற இரண்டரை தெர்ம் (ஒரு தெர்ம் என்பது ஒரு லட்சம் பிடியு) ஆகிறது, அது பெரிய விஷயமே இல்லை. பூல்தான் கையைக் கடிக்கும். 15,000 காலனை 60-லிருந்து 82-க்கு ஏற்ற எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும், 33 தெர்ம் போகும். உங்கள் பில்லில் ஒரு தெர்முக்கு என்ன விலை என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். அதுவும் காற்று இல்லாத நாளில். ஒரு பவுண்டு தண்ணீர் ஆவியானால் ஆயிரம் பிடியுவுக்கு மேல் கூடவே போய்விடுகிறது. பூல் இழக்கும் சூட்டில் எழுபது சதவீதம் ஆவியாவதால்தான் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. பூலை மூடி வைத்தால் சூடேற்றும் செலவு 50-லிருந்து 70 சதவீதம் வரை குறையுமாம். குமிழ் வைத்த நீல பிளாஸ்டிக் விரிப்புதான் எங்கள் வீட்டில். சுருட்டி எடுப்பது எரிச்சல்தான், ஆனாலும் தினமும் போடுகிறோம். இல்லையென்றால் ராத்திரி ஏற்றிய சூடு காலையில் ஆவியாகப் பறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் ஸ்பாவை 104-க்குக் கொண்டுபோகாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கிற நடுவயதுக்காரர்களுக்கே அதுதான் உச்சவரம்பு. எங்கள் அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை உண்டு. டாக்டரைக் கேட்டோம், 98-இல் பத்து நிமிடம் போதும் என்றார்.

சாண்ட்லர், அரிசோனா

அண்ணா, ஃபில்டரைக் கழுவினோம், அழுக்கு அப்படி ஒரு அழுக்கு. இப்போது ஹீட்டர் நேரத்துக்கு 2,600 ஆர்பிஎம் வைத்திருக்கிறேன். எரர் இல்லை. ஆனால் ஸ்பா பட்டனை அமுக்கினாலும் ஸ்பா வெதுவெதுப்பாகத்தான் வருகிறது.

எடிசன், நியூ ஜெர்சி

தண்ணீர் திரும்பி வருகிற பக்கத்தில் இருக்கும் வால்வைப் பாருங்கள் தம்பி. உறிஞ்சும் பக்கம் ஸ்பாவுக்கு மாறியும், திரும்பும் பக்க வால்வைத் திருப்பும் மோட்டார் பாதியில் நின்றிருந்தால், சூடான தண்ணீரில் ஒரு பங்கு பூலுக்குப் போகும். அப்போது ஸ்பாவின் தண்ணீர் மட்டமும் மெல்லக் கீழே இறங்கும். இறங்குகிறதா?

சாண்ட்லர், அரிசோனா

ஆமாம், ஒரு சாண் இறங்குகிறது. மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் திருப்பிப் பார்க்கிறேன்.