புதுப்பிப்பு: மூனிக் வந்தாச்சு, வீடுதான் பாக்கி

ஜெர்மனியில், மூனிக்கில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு கிளம்புவதா, நான் மட்டும் முதலில் போவதா என்று கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி தனியாகத்தான் வந்தேன். நல்லதாகப் போயிற்று.

தற்காலிக அறை எடுப்பவர்கள், முகவரிப் பதிவுக்கு நாம் அங்கே குடியிருக்கிறோம் என்று உரிமையாளர் சான்று தருவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். குடிபுகுந்த 2 வாரத்துக்குள் பதிய வேண்டும். வரி எண் அதற்கப்புறம்தான் தபாலில் வரும்.

விளம்பரத்தில் ‘கால்ட்மீட்டே’ (மற்ற செலவுகள் சேராத வெறும் வாடகை) தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹீட்டர், தண்ணீர், குப்பைச் செலவெல்லாம் சேர்ந்த ‘வார்ம்மீட்டே’தான் மாதாமாதம் கையை விட்டுப் போவது. மின்சாரம் பெரும்பாலும் தனி. அட்வான்ஸ் 3 மாத கால்ட்மீட்டேக்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை, அதையும் 3 தவணையாகக் கட்டலாம். சென்னையில் 10 மாத அட்வான்ஸ் கொடுத்தவனுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒரு வீட்டில் சமையலறை என்று காட்டியது வெறும் சுவர். மூடிபோட்ட குழாய், அடுப்புக்கு நீட்டிக்கொண்டிருந்த வயர், அவ்வளவுதான். முன்பு குடியிருந்தவர் சிங்க்கைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டாராம். இங்கே அது சகஜம்!

மனைவிக்கு ஜெர்மன் தேர்வு உண்டா என்று கேட்டவருக்கு: என்னுடையது ப்ளூ கார்டு (படித்த, திறன்வாய்ந்த வேலைக்காரர்களுக்கான குடியிருப்பு அனுமதி) என்பதால் அவர் விசாவுக்கு ஏ1 (தொடக்கநிலை ஜெர்மன்) சான்றிதழ் தேவையில்லை. ஆனாலும் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.