அப்பாவின் எஃப்.சி. 150: முதலில் இன்ஜினா, பிரேக்கா?

கொழுந்து வண்டி
வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம். அப்பாவின் 1968 மஹிந்திரா எஃப்.சி. 150 பிக்கப் இருபது வருடமாக மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. கொழுந்து ஃபாக்டரிக்குப் போனதும், கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியதும் இதில்தான். மூக்கில்லாத வண்டி என்பதால் இன்ஜின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும். உறைபனிக் காலத்தில் நானும் தங்கையும் அதன் மூடியில் கை வைத்துச் சூடேற்றிக்கொண்டே பள்ளிக்கூடம் போவோம்.

இந்த மே மாதம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து அதைச் சரிசெய்யும் வேலையைத் தொடங்கினோம். அப்பாவுக்கு 78 வயது, குனிய முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று சொல்வார். மகள் கழற்றியதையெல்லாம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுகிறாள். இன்ஜின் இறுகிப்போயிருந்தது. ஸ்பார்க் பிளக் ஓட்டைகளில் ஆயில் ஊற்றி வைத்தோம். ஐந்தாம் நாள் கிராங்க் கம்பிக்கு அசைந்தது. அப்பா எதுவும் பேசவில்லை, எழுந்து வந்து மூடியைத் தடவினார்.

இப்போது என் கேள்வி. பெட்ரோல் கட்டுப்படியாகாது, டீசல் இன்ஜின் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா? அப்புறம், பிரேக் மிதி தரைவரை போகிறது. அதை இன்ஜின் ஓடிய பிறகு பார்த்தால் போதாதா?

குன்னூர் பட்டறை
போதாது தம்பி. ஸ்டார்ட் ஆனதும் வீட்டில் யாராவது "ஒரு ரவுண்டு" என்பார்கள், உங்கள் வாசலைத் தாண்டினாலே இறக்கம்தான். அந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு வீல் சிலிண்டர் (சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளும் குழல்) ஒழுகினாலும் நாலும் போய்விடும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். நம் ஊர் மூடுபனியில் இருபது வருடம் நின்ற சிலிண்டர் உள்ளே குழி விழுந்திருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மட்டும் மாற்றி ஓட்டாதீர்கள். குழி ஆழமாக இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் புதிதாகப் போடுங்கள்.

பழைய ஆர்.சி.
டீசல் வேண்டாம் அண்ணா. 2021 விதிப்படி 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், நம்பரில் வி.ஏ. என்று வரும். லோடு பிக்கப்புக்கு அது பொருந்துமா என்று ஆர்.டி.ஓ.வில் கேட்டுக்கொள்ளுங்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் சேஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். அந்தப் பதிவில் தினமும் ஓட்டவோ லோடு அடிக்கவோ முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு மாதிரி தேவைகளுக்குத்தான். தரைத் தகடு துருப்பிடித்திருந்தால், வெட்டுவதற்கு முன் அசல் நிலைக்குச் சாட்சியாக நாலா பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கார்புரேட்டர் பைத்தியம்
அந்த 2.2 லிட்டர் எஃப்-ஹெட் இன்ஜினில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை (வால்வு உட்காரும் வளையத்தை) அவசியம் பாருங்கள், அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வண்டி; ஈயம் இல்லாத பெட்ரோலில் அந்த சீட் தேயலாம். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸும் ஃபியூல் பம்ப் டயாஃப்ரமும் (பம்புக்குள் இருக்கும் சவ்வு) ஊறிப்போகும். எத்தனால் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் விடாதீர்கள், தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

கொழுந்து வண்டி
மூவருக்கும் நன்றி. இன்று நான்கு டிரம்மையும் கழற்றினோம். குன்னூர் அண்ணன் சொன்னது சரி, மூன்று சிலிண்டரில் குழி. டீசல் பேச்சைத் தம்பியே விட்டுவிட்டான், ஹோஸ் வாங்க நாளை கோயம்புத்தூர் போகிறான். கார்புரேட்டர் நண்பருக்கு ஒரு கேள்வி: மேட்டுப்பாளையத்தில் சுத்தமாக இருக்கும் பிளக், மேலே வந்தால் கறுத்துவிடும் என்கிறார் அப்பா. காற்று மெலிவதால் பெட்ரோல் அதிகமாகிறதா? ஆறாயிரம் அடிக்கு மேல் சின்ன ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) போட வேண்டுமா?

கார்புரேட்டர் பைத்தியம்
அப்பா சொன்னதுதான் சரி. முதலில் இப்போதிருக்கும் ஜெட்டிலேயே ஓட்டிப் பிளக்கைப் பாருங்கள். கறுத்தால் ஒரு அளவு குறையுங்கள், கீழே இறங்கும்போது மறக்காமல் பழையதை மாட்டுங்கள். இரண்டையும் மகளிடம் கொடுத்து வையுங்கள், தனித்தனி பாட்டிலில்.