புதுப்பிப்பு: தானாகவே வாசிப்பு நிலைக்கு மாறிய ரூட் பகிர்வு

உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) உள்ள என் கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே ரூட் பகிர்வு (வட்டில் இயங்குதளம் இருக்கும் பகுதி) வாசிக்க மட்டுமே முடிகிற நிலைக்கு மாறிவிடுகிறது என்று சென்ற வாரம் எழுதி, வட்டைத்தான் குறைகூறியிருந்தேன். மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது பயன்பாட்டில் இருக்கும், பகிர்வின் மீது கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே நிரலை ஓட்டினால் இருக்கும் சேதம் பெருகக்கூடும் என்பதால், பென்டிரைவிலிருந்து லைவ் உபுண்டுவை (நிறுவாமலே இயங்குவது) ஏற்றி, அங்கிருந்து அந்த இஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஒரு கோப்பு முறைமை) பகிர்வைச் சரிசெய்தேன். பெயரிழந்த கோப்புகளை எஃப்எஸ்சிகே மீட்டுப் போடும் லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவில் # குறியும் ஐநோடு எண்ணுமே (கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் தரும் எண்) பெயராகக் கொண்ட 14 கோப்புகள் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் பெரும்பாலானவை பழைய பதிவுக் கோப்புகளே.

ஆனால் இரண்டே நாளில் கோளாறு திரும்பியது. வட்டு தன் உடல்நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையில் பழுதான செக்டர் (வட்டின் சிறு சேமிப்புப் பகுதி) ஒன்றுகூட இல்லை. யுடிஎம்ஏ சிஆர்சி பிழை எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அது வட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான கடத்தலில் வரும் பிழை. (வட்டைக் குறைகூறியது என் அவசரம்.) இவ்விரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிய பிறகு அந்த எண் நகரவேயில்லை.