ஜெர்மனி ஆப்பர்ச்சூனிட்டி கார்டு: 6 புள்ளி தேறுமா? அவசரம்

ஓசூர்மெக்: வணக்கம். வேலை ஆஃபர் இல்லாமலே இந்தக் கார்டில் ஜெர்மனி போய் வேலை தேடலாம் என்று இருக்கிறேன். கார்டுக்குக் குறைந்தது 6 புள்ளி வேண்டும், கூட்டிப் பார்த்தால் சரியாக 6 வருகிறது. ஆனால் விசா ஆலோசகர் ஒருவர் தேறாது என்கிறார், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார். அடுத்த வாரம் ஆபீசில் நோட்டீஸ் கொடுக்கணும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நெய்தல்: வயசு? படிப்பு? ஜெர்மன் ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்று ஏறும் வரிசையில் எந்த நிலை? ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எவ்வளவு? 6 எப்படி வந்தது என்று பிரித்து எழுதுங்கள்.

தடாகம்: பணமாகத்தான் இருக்கும். 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ, ஒரு வருடத்துக்கு 13,092 யூரோ பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதி மட்டுமே எடுக்க முடிகிற கணக்கில், போட்டுக் காட்டணும். பல பேருக்கு அங்கேதான் இடிக்கும்.

விசாஅண்ணன்: பணத்துக்கும் புள்ளிக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. இதையெல்லாம் நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. வெளிநாட்டுப் படிப்புகளை ஜெர்மனி மதிப்பிட்டு வைத்திருக்கும் அனாபின் தளத்தில் காலேஜுக்கு எச் பிளஸ், அதாவது அங்கீகாரக் குறி, இல்லையா, அங்கேதான் சிக்கல்.

நெய்தல்: அனாபினில் காலேஜ் பெயரைத் தேடாதீர்கள். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள்.

ஓசூர்மெக்: வயசு 33. பி.இ. மெக்கானிக்கல், பல்கலைக்கழகம் எச் பிளஸ்தான். ஜெர்மன் ஏ1. ஐஇஎல்டிஎஸ் 6.5. ஆறு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங். வயசுக்கு 2, அனுபவத்துக்கு 3, இங்கிலீஷுக்கு 1. பணம் தயார்.

நெய்தல்: இப்போது புரிகிறது. இங்கிலீஷ் புள்ளிக்கு சி1 வேண்டும். 6.5 பி2-தான், 7 எடுத்தால்தான் சி1. அந்த 1 கிடையாது. அனுபவம் அதைவிடப் பெரிய சிக்கல். படித்த துறையோடு தொடர்புள்ள வேலைக்குத்தான் புள்ளி. மெக்கானிக்கல் படித்தவரின் டெஸ்டிங் அனுபவத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பி வேலையை விடாதீர்கள், தயவுசெய்து.

ஆனால் நீங்கள் ஒரு புள்ளியை விட்டுவிட்டீர்கள். இன்ஜினியர் படிப்பு ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் இருக்கிறது, அதற்கு 1 உண்டு. வயசோடு சேர்த்து 3. ஐஇஎல்டிஎஸ் 7 எடுத்தால் 1, ஜெர்மன் பி1 முடித்தால் 2. அனுபவத்தைத் தொடாமலே 6 வந்துவிடும்.

விசாஅண்ணன்: பி1 என்றால் என்ன, நாலு வாரத்தில் வருகிற விஷயமா? இது ஒரு வருட கார்டு. வாரம் 20 மணி நேரம் பார்ட் டைம், இல்லையென்றால் ஒரு கம்பெனியில் இரண்டு வாரம் சோதனை வேலை, அவ்வளவுதான். கனடாவுக்குப் போடச் சொல்லுங்கள். இறங்கும்போதே பிஆர், அதாவது நிரந்தரக் குடியுரிமை அனுமதி. 1967-லேயே புள்ளி முறை கொண்டுவந்த நாடு அது. ஜெர்மனி இதை ஆரம்பித்ததே 2024 ஜூனில்தான்.

காவேரிக்கரை: எந்தக் காலத்துக் கனடா? 2025-ல் அங்கேயே வேலை பார்த்தவர்களுக்கான கனடிய அனுபவப் பிரிவுத் தேர்வுச் சுற்றுகளிலேயே கட்-ஆஃப் புள்ளி 500-க்கு மேலேதான் நின்றது. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிச் சுற்று, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

விசாஅண்ணன்: அங்கே ஆஃபருக்குக் கொடுத்த புள்ளியையே 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஆஃபர் இல்லாதவர்களுக்கு அது நல்லதுதானே?

காவேரிக்கரை: நல்லதுதான். அதற்காக 33 வயசில் இங்கிலீஷ் 6.5-ஐ வைத்து 500 வந்துவிடுமா? பழைய பெருமையைச் சொல்லி ஆளை அனுப்பாதீர்கள். பிரிட்டனும் 2002-ல் ஆஃபர் கேட்காமல் ஆள் எடுத்தது, அப்புறம் அந்த வழியையே மூடிவிட்டது.

தடாகம்: கேட்டவரை விட்டுவிட்டீர்களே. ஓசூர்மெக், கல்யாணம் ஆகிவிட்டதா? மனைவியும் தகுதியோடு உங்களோடு சேர்ந்தே விண்ணப்பித்தால் 1 புள்ளி உண்டு. இல்லையென்றால் இந்தக் கார்டில் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது, அதையும் யோசியுங்கள்.

ஓசூர்மெக்: ஆகவில்லை. நோட்டீஸ் கொடுக்கவில்லை. ஏ2 வகுப்பில் சேர்ந்துவிட்டேன், ஐஇஎல்டிஎஸ் மறுபடி எழுதுகிறேன். நெய்தலுக்கு ரொம்ப நன்றி.

மலையோரம்: எனக்கும் இதே சந்தேகம். நான் டிப்ளமோ. 6 வருமா?

நெய்தல்: எத்தனை வருட டிப்ளமோ? வயசு? ஜெர்மன்?